களிமண் ஏடும் பனையோலை ஏடும்

பித்தகோரஸ் தேற்றம் யாருடையது என்று நம் கணிதத்துறை மாணவரைக் கேட்டால், கிரேக்கரைத்தான் கை காட்டுவார். பித்தகோரஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, இன்றைய ஈராக் மண்ணில், யாரோ ஒருவர் உள்ளங்கை அளவுக் களிமண் வில்லையில் சதுரம் வரைந்து மூலைவிட்டத்தைக் கணக்கிட்டிருக்கிறார். பள்ளிப் பிள்ளையாகத்தான் இருக்கும் என்பது அறிஞர் கருத்து. 2-இன் வர்க்கமூலம் ஐந்து தசம இடங்களுக்குச் சரி! வில்லை இப்போது அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

களிமண்ணைக் கரையான் தின்னாது. ஊரே எரிந்தாலும் மண் சுட்டு இன்னும் கெட்டிப்படும். அதனால் பிழைத்தது.

நம் சேலம், நாமக்கல் பக்கத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் இதே போலத்தான் கணக்கு நடந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு எண்சுவடியை ஓலையில் எழுதி ஒப்பிப்பார்கள். மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அதற்கும் கீழே கீழ்முந்திரி, 1/1,02,400! எதற்கு இத்தனை பொடி என்று சிரிக்காதீர்கள். நிலமும் நெல்லும் பங்கு பிரிக்கிற ஊரில் பொடிக் கணக்குத்தான் சண்டையைத் தடுக்கும். எங்க தாத்தா, "ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்ப ஒரு அணா என்னடா? மாகாணி!" என்று காதைத் திருகுவார்.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணச் சொல்லித் தருகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். 100 முள் என்றால் 120 சுளை. கொல்லிமலைப் பலா வாங்குகிறவர்கள் சோதித்துப் பாருங்கள். கூடக்குறைய வந்தால் காரிநாயனாரோடு சண்டை போடுங்கள், என்னோடு வேண்டாம்.

ஓலைக்கு ஆயுள், அதைப் பார்த்துப் பிரதி எடுக்க ஆள் இருக்கும் வரைதான். திண்ணைப் பள்ளிகள் மறைந்தன. 1957-இல் நயா பைசா வந்து ரூபாய் நூறாக உடைந்ததும் மாகாணிக்கும் வேலை போயிற்று. வேலையற்ற சுவடியை யார் பிரதி எடுப்பார்? பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கொடுமையை உ.வே.சா. எழுதியிருக்கிறார்.

பரமத்தி வேலூர், மோகனூர், சேந்தமங்கலம் பக்கம் பழைய வீடு வைத்திருக்கும் நண்பர்களே, பரணை ஒருமுறை பாருங்கள். கட்டு கிடைத்தால் பிரித்து வெயிலில் போடாமல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வரும் ஆடிப் பதினெட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.