கை, கால் சிரை வெடிப்பு

தோலுக்கு அடியில் ஓடும் சிரையோ நுண்ணிய இரத்தக்குழாயோ கிழிந்து, இரத்தம் உள்ளே பரவுவது அல்லது வெளியே பீறிடுவது. பேச்சில் ‘நரம்பு வெடித்துவிட்டது’ என்பார்கள். அடிபடாமலும் நேரும். கையில் வருவது பார்க்கப் பயமுறுத்தினாலும் பெரும்பாலும் தானே ஆறிவிடும். காலில் வருவது வலியே இல்லாமல் உயிருக்கு உலை வைக்கக்கூடும்.

விரலின் உள்ளங்கைப் பக்கம் திடீரென்று சுரீரென எரிந்து, வீங்கி, சில நிமிடங்களில் நீலம் பாய்ந்தால் அது ஆக்கன்பாக் நோய்க்குறியாக இருக்கலாம். ஜெர்மானிய மருத்துவர் வால்டர் ஆக்கன்பாக் 1950-களில் விவரித்தது இது. நடுவயது தாண்டிய பெண்களிடமே அதிகம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் இலக்கு, விரல்நுனி பொதுவாகத் தப்பிவிடும். இரத்தப் பரிசோதனையில் எதுவும் சிக்காது. காரணம் தெளிவாகவில்லை; சிகிச்சையும் தேவையில்லை, சில நாட்களில் மறைந்துவிடும்.

முதியவர்களின் புறங்கையிலும் முன்கையிலும் வரும் கருஞ்சிவப்புத் திட்டுகள் வேறு வகை. தோலில் கொலாஜன் குறைந்து இரத்தக்குழாய்கள் பிடிமானம் இழப்பதால், லேசாக உரசினாலே கிழியும். நீண்டநாள் ஸ்டீராய்டு, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது கூடும். அதற்காக இதய நோயாளிகள் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, திட்டுகளைவிடப் பெரிய ஆபத்து.

காலில் முதன்மைக் காரணம் சுருள் சிரை நோய், அதாவது வெரிகோஸ் வெயின். நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம். நடக்கையில் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ள, சிரையின் வால்வுகள் அது திரும்பி இறங்காமல் தடுக்க, அழுத்தம் வெகுவாகக் குறையும். வால்வுகள் பழுதானால் குறையாது. ஆண்டுக்கணக்கில் இந்த அழுத்தத்தைத் தாங்கிய கணுக்கால் தோல் மெலிந்து, நீலக் கொப்புளம்போல் சிரை துருத்தி நிற்கும். வெந்நீர்க் குளியலோ ஒரு சொறியலோ போதும், உடைந்துவிடும். வலிக்காததால் தூக்கத்தில் உடைந்தால் தெரியவே தெரியாது. தனியாக வாழும் முதியவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள்.

உடைந்தால் உட்காரக் கூடாது. உடனே படுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். பலரும் செய்வதுபோல் காயத்துக்கு மேலே கயிறு கட்டினால் சிரை இரத்தம் மேலேற வழியின்றிக் கசிவு கூடும். இரத்தம் நின்ற பிறகும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துச் சிரைக்கு வைத்தியம் பார்க்காவிட்டால் மறுபடி உடையும்.

குண்டூசி முனை அளவுப் புள்ளிகள் இரு கால்களிலும் கொத்தாக வந்தால் சிரையை விட்டு இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். டெங்குவிலும் இரத்தப் புற்றுநோயிலும் தட்டணுக்கள் சரிந்து இப்படிக் கசியலாம். இயல்பான எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம். புள்ளிகள் தடவினால் மேடாகத் தட்டுப்பட்டால் இரத்தக்குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். கல்லீரல் நோய், வைட்டமின் சி குறைபாடு, அரிதாகப் பிறவியிலேயே கொலாஜன் பழுதான எலர்ஸ்-டான்லோஸ் நோய் ஆகியவையும் காரணமாகலாம்.

விரல் நீலமாகாமல் வெளிறிச் சில்லிட்டிருந்தால் அது வெடிப்பே அல்ல, தமனி அடைப்பாக இருக்கலாம். மணிக்கணக்கில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.