இருநூறு டாலர் வரி

பெயரால் வரி, நோக்கத்தால் தடை என்னும்படி அமைந்தது அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிச் சட்டம். 1934ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட இச்சட்டம், இயந்திரத் துப்பாக்கி, குழல் குறுகிய துப்பாக்கி, வெடியோசையை அடக்கும் சைலன்சர் ஆகியவை கைமாறும்போதெல்லாம் 200 டாலர் வரி விதித்தது. அந்நாளில் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். கருவூலத்தை நிரப்பும் எண்ணத்தில் எவரும் இத்தகைய வரியை விதிக்கமாட்டார்.

நேராகவே தடை விதித்திருக்கலாமே எனின், அங்கேதான் சிக்கல். 1929இல் சிக்காகோ நகரில் எழுவர் ஒருங்கே சுட்டுக் கொல்லப்பட்டது முதலிய கொடுமைகள் மக்களைக் கலங்கச் செய்திருந்தன. ஆயினும் குற்றங்களை அடக்கும் பொது அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது. காங்கிரஸுக்கு ஐயமின்றி இருந்தது வரி விதிக்கும் அதிகாரம். 1914இல் அபினியைக் கட்டுப்படுத்தவும் இவ்வழியே கையாளப்பட்டது. ஆகவே வரிக்காகப் பதிவேடு, பதிவேட்டுக்காகக் கைரேகை, நிழற்படம் எனச் சட்டம் வளர்ந்தது. வரி கடுமையானது என்பதனாலேயே வரி அல்லாததாகிவிடாது, இயற்றியோரின் உள்நோக்கத்தை ஆராய்வது தன் வேலையன்று எனக் கூறி, 1937இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது.

அந்த 200 டாலர் பின்னர் உயர்த்தப்படவேயில்லை. பணத்தின் மதிப்பு வீழ வீழ, மதிலாக நின்ற வரி வாயிற்படியளவாயிற்று. பதிவும் காத்திருப்புமே மெய்யான தடைகளாயின.

வரியை நீக்கும் மசோதாக்கள் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. 2025 மே மாதம் பிரதிநிதிகள் சபை, சைலன்சரை இச்சட்டத்திலிருந்தே விலக்கும் பிரிவை வரவு செலவு மசோதாவில் சேர்த்தது. அத்தகைய மசோதா செனட் சபையில் எளிய பெரும்பான்மையால் நிறைவேறும். ஆனால் வரவு செலவுக்குப் புறம்பானவை அதில் இடம்பெறலாகாது. பதிவை நீக்குவது புறம்பானது என்றார் செனட்டின் விதிமுறை ஆலோசகர். ஆகவே ஜூலை 4இல் மசோதா சட்டமானபோது பதிவு நிலைத்தது. சைலன்சருக்கும் குறுங்குழல் துப்பாக்கிக்கும் 2026 ஜனவரி 1 முதல் வரி சுழியாயிற்று. இயந்திரத் துப்பாக்கிக்கோ பழைய 200 டாலரே. இதில் ஒரு வேடிக்கை உண்டு: 1884இல் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர் ஹைரம் மாக்சிம், 1909இல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றவர் அவருடைய மகன். தந்தையின் கருவிக்கு நீங்காத வரி மகனுடைய கருவிக்கு நீங்கிற்று!

வரியைத் தாங்குதூணாகக் கொண்டே பதிவேடு 1934இல் எழுந்தது. தூணை அகற்றியபின் பதிவேடு எதன்மேல் நிற்கும் என்று கேட்டு 2025லேயே வழக்குகள் தொடுக்கப்பட்டன. இக்கருவிகளை விற்கும் வணிகர் ஆண்டுதோறும் செலுத்தும் வரியை அச்சட்டம் நீக்கவில்லை. மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் காங்கிரஸுக்கு உண்டு.