காருக்கு நிறம் வந்த கதை

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் 'மாடல் டி' காரை வெளியிட்டார். விலை ஏறத்தாழ 850 டாலர். 1913-இல் நகரும் தொகுப்பு வரிசை வந்தது. 1920-களின் நடுவில் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1914 முதல் 1925 வரை கிடைத்த நிறம் கறுப்பு ஒன்றே!

காரணம் என்ன? கறுப்புப் பூச்சு மலிவானது, நீடித்து உழைப்பது. நிற எண்ணெய்ப் பூச்சுகளோ ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்ல இறுகுபவை. உலர வாரக்கணக்கில் ஆகும்.

1920-களின் தொடக்கத்தில் டூபான்ட், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்கள் 'டியூக்கோ' என்னும் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சை உருவாக்கின. இதில் கரைப்பான் ஆவியானதும் பூச்சு உலர்ந்துவிடும். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நீலமும் பச்சையும் சாலைக்கு வந்தன.

1927-இல், ஒன்றரைக் கோடி கார்கள் செய்தபின், மாடல் டி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ், ஹார்லி எர்ல் தலைமையில் 'கலை, வண்ணப் பிரிவு' ஒன்றைத் தொடங்கியது. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றுவது வணிக உத்தியாயிற்று. நன்றாக ஓடும் காரும் உரிமையாளர் கண்ணுக்குப் பழையதாகிவிட்டது!

ஆவியாதல் என்னும் எளிய நிகழ்ச்சி மக்களுக்கு நிறங்களைத் தந்தது. கூடவே ஓயாத ஆசையையும் தந்தது. 'புதிய மாடல்' என்றதும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாறியிருப்பது பொறியா, பூச்சா?