இன்னைக்கு பூட்டிய இமெயிலை நாளைக்கு திறக்குமா குவாண்டம் கம்ப்யூட்டர்?

என்க்ரிப்ஷன் செய்து அனுப்பிய இமெயிலை யாராவது திருடினாலும் இன்று படிக்க முடியாது. ஆனா, திருடியவருக்கு அவசரமே இல்லை என்றால்? பூட்டோடு தூக்கிட்டுப் போய், சாவி கிடைக்கும் வரை காத்திருந்தால்? சைபர் பாதுகாப்பு நிபுணர்கள் இப்போது பயப்படுவது இதற்குத்தான்.

பூட்டு எப்படி உடையும்?

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். விடையை மட்டும் கொடுத்து, அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடி என்றால் சூப்பர் கம்ப்யூட்டரே திணறும். ஆர்எஸ்ஏ பூட்டின் ரகசியம் இதுதான். குவாண்டம் கம்ப்யூட்டர் இதை வேகமாகப் போட்டுவிடும் என்று 1994-லேயே நிரூபித்தார் கணிதவியலாளர் பீட்டர் ஷோர்.

அதற்கு எவ்வளவு பெரிய மெஷின் வேணும்? 2019-ல் சொன்ன கணக்கு 2 கோடி க்யூபிட். 2025 மே மாதம் கூகுள் ஆய்வாளர் போட்ட கணக்கில் அது 10 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அப்படி ஒரு மெஷின் இன்னும் இல்லை. ஆனால் இலக்கு கிட்டே வருகிறது என்பதுதான் கவலை.

இமெயிலுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

சிக்னல் போன்ற சாட் ஆப்கள் சாவியை அடிக்கடி மாற்றும். பிஜிபி இமெயிலில் ஒரே சாவியை வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். அது உடைந்தால் அத்தனை வருஷ மெயிலும் போச்சு!

மாற்று என்ன?

அமெரிக்காவின் என்ஐஎஸ்டி அமைப்பு 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரநிலைகளை வெளியிட்டது. சாவியைப் பாதுகாப்பாகப் பரிமாற உதவுவது எம்எல்-கெம். மெயிலின் உள்ளடக்கத்தைப் பூட்டும் ஏஇஎஸ்-256-க்கு பெரிய ஆபத்து இல்லை. அந்தச் சாவியை எதிர்முனைக்குக் கொண்டுபோகும் பகுதியைத்தான் மாற்ற வேண்டும்.

புதுசு என்பதால் அதை மட்டுமே பலரும் நம்பிவிடவில்லை. பழைய பூட்டு, புதிய பூட்டு இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். ஜெர்மனியின் டூட்டா இமெயில் சேவை 2024 மார்ச்சில் இப்படித்தான் தொடங்கியது. சுமை மட்டும் கூடும்: இப்போது பரவலாக உள்ள ஒரு முறையில் பொதுச் சாவி 32 பைட், எம்எல்-கெம்மில் 1,184 பைட்.

நாம என்ன செய்யணும்?

ஆப், பிரவுசர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. சாதாரண ஜிமெயிலில் சாவி கூகுளிடமே இருக்கிறது என்பதையும் மறக்காதீங்க. பத்து வருஷம் கழித்தும் ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ அறிக்கை, சொத்து ஆவணம் போன்றவற்றை புதிய பூட்டு உள்ள சேவையில் அனுப்புவது நல்லது. ஏற்கெனவே யாராவது காப்பி எடுத்து வைத்திருக்கும் பழைய மெயிலுக்கு மட்டும் இனி புதுப் பூட்டு போட வழியில்லை.