ஒன்பதாம் கார்பனில் ஒரு ஃபுளூரின்

மருந்து வேதியியல் வகுப்பில் ஃபுளூரின் பாடத்தை நான் பிடிவாதமாக ஸ்டீராய்டில்தான் தொடங்குவேன். நியூஜெர்சியில் ஸ்குவிப் ஆய்வுக்கூடம். ஜோசப் ஃபிரைடும் எமிலி சாபோவும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டின் ஒன்பதாம் கார்பனில் அயோடின், புரோமின், குளோரின் என ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார்கள். அணு சிறுக்கச் சிறுக்க வீரியம் கூடியது. 1954இல் வெளிவந்த ஃபுளூரின் சேர்மம் மூல மருந்தைவிடச் சுமார் பத்து மடங்கு வேலை செய்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இங்கே சிறுத்ததால்தான் காரமே! பக்கத்திலிருக்கும் ஹைட்ராக்சிலிடமிருந்து ஃபுளூரின் எலக்ட்ரானை இழுப்பதே காரணம் என்று ஃபிரைட் கருதினார்.

ஆனால் அந்த ஃபுளூரின் சேர்மம் உடலில் உப்பையும் பிடித்துவைத்தது. வீக்கம் தணிய ஸ்டீராய்டு எடுத்த மூட்டுவாதக்காரர்களுக்கு அது தொல்லை. உடலில் உப்புத் தங்காத அடிசன் நோயாளிகளுக்கோ அந்தக் குணமே உயிர். அதே சேர்மத்தை ஃபுளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரையாக இன்றும் விழுங்குகிறார்கள். 1958இல் வந்த டெக்சாமெத்தசோனில், பதினாறாம் கார்பனில் சேர்த்த மெத்தில் உப்புத் தொல்லையை அடக்கியது. ஃபுளூரினை யாரும் நகர்த்தவில்லை.