சுடரில் வரைந்த மலர்: வெனிஸ் பூமணிகளின் வகைப்பாடு குறித்து

பூவேலை கொண்ட வெனிஸ் கண்ணாடி மணி எதைக் கண்டாலும் ‘மில்லெஃபியோரி’ என்று குறித்துவிடும் பழக்கம் சேகரிப்பாளர்களிடையே பரவலாக உள்ளது. இப்பழக்கம் இருவேறு தொழில்களை ஒன்றாக்கி, அவற்றுள் ஒன்றின் கலைஞர்களை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மில்லெஃபியோரி மணியின் பூ உலையில் பிறப்பது. உருகிய கண்ணாடியின் மேல் நிறம் நிறமாக அடுக்கேற்றி, விண்மீன் வடிவ அச்சில் அழுத்தி, நீண்ட கோலாக இழுக்கிறார்கள். ஆறிய கோலைக் குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ. சூடான மணியின் மேல் இவ்வில்லைகளைப் பதித்து உருட்டினால் வேலை முடிந்தது. மணி செய்பவரின் கைக்கு வருமுன்பே பூ முடிவாகிவிட்டது.

‘ஃபியோராடோ’ மணியின் பூ அப்படி முன்கூட்டிக் கிடைப்பதில்லை. செப்புக் கம்பியின் மேல் கண்ணாடியைச் சுற்றி அடிமணியை உருவாக்கியபின், மெல்லிய கண்ணாடி இழைகளை விளக்கின் சுடரில் இளக்கி அதன்மேல் வரைகிறார்கள். கொடிக்குச் செப்புத் துகள் மின்னும் அவெஞ்சூரின் இழை. ரோஜாவுக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த பொட்டு, அது இளகும்போது கூர்முனையால் ஒரு சுழற்று. இலைக்குப் பச்சைப் பொட்டை வைத்து நுனியை இழுத்துவிடுதல். ஒரு பக்கத்தில் வரையும்போது மறுபக்கம் ஆறிவிடக் கூடாது, ஆறினால் மணி விரிசல் விடும். சூடு மிகுந்தாலோ புடைத்து நிற்க வேண்டிய இதழ் உருகி மணியின் உடலோடு சமமாகிவிடும். எனவே ஃபியோராடோ மணியில் புடைத்து நிற்கும் ஒவ்வொரு கோடும், செய்தவர் எந்தக் கணத்தில் சுடரைவிட்டு மணியை விலக்கினார் என்பதற்குச் சான்று. முடிந்த மணியை மெல்ல ஆறவிட்டு, கம்பியை அமிலத்தில் கரைத்துத் துளையைப் பெற்றனர்.

இந்த வேறுபாடு சமூக வரலாற்றோடும் பிணைந்தது. தீ அச்சத்தால் 1291இல் வெனிஸின் உலைகள் முரானோ தீவுக்கு அனுப்பப்பட்டன. சிறு விளக்கை வைத்து வேலை செய்தோருக்கு அத்தடை பொருந்தவில்லை. அவர்கள் நகருக்குள்ளேயே தொழில் செய்தனர். பிற்காலத்தில் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே இவ்வேலையைச் செய்தனர். உலைக்குரிய முரானோ குடும்பங்களின் பெயர்களை ஆவணங்கள் காத்துவைத்துள்ளன. 1487இல் தனக்கெனச் சிறு உலை வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற மரியெத்தா பரோவியர் போன்ற பெண் ஒருவரின் பெயர் கிடைப்பதும் அதனால்தான். சுடரில் பூ வரைந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் மணிதான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்கு மணி அனுப்பிய வணிகர்கள் மாதிரி அட்டைகளை வைத்தே வணிகம் செய்தனர். அட்டையைப் பார்த்து ஆயிரக்கணக்கில் செய்த பொருளில் தனிக்கலைஞரின் கையைத் தேடலாமா? தேடலாம். மாதிரி நிறத்தையும் அமைப்பையும் முடிவு செய்கிறது. கொடி முதலில் வந்ததா பூ முதலில் வந்ததா, சுழற்று இடஞ்சுழியா வலஞ்சுழியா, இழை எங்கே தடித்து எங்கே அறுகிறது என்பவற்றைக் கைதான் முடிவு செய்கிறது. கையெழுத்துப் படிகளை எழுதுநர் வாரியாகப் பிரிக்கச் சுவடியியலாருக்கு உதவுவதும் இத்தகைய அடையாளங்களே. எல்லா மணிகளையும் இப்படிப் பிரித்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை; நான்கு புள்ளிகள் மட்டும் வைத்த மலிவான மணியில் கை பேச இடமே இல்லை.

செய்முறையால் வகைப்படுத்துவது புதிய கோரிக்கையும் அன்று. அரிக்கமேட்டு மணிகளை ஆராய்ந்தோர் இழுத்துச் செய்தவை, சுற்றிச் செய்தவை என்றே அவற்றைப் பிரித்தனர். இத்தாலியும் பிரான்சும் இணைந்து முன்மொழிந்த கண்ணாடி மணிக் கலையை யுனெஸ்கோ 2020இல் தன் பட்டியலில் சேர்த்தபோது, இத்தாலியப் பகுதியில் சுடர் மணியையும் கோல் மணியையும் தனித்தனியே குறிப்பிட்டது. பூமணிகள் மட்டும் இன்னும் தோற்றத்தால் பெயர் பெறுகின்றன.

ஆகவே பட்டியல் தயாரிப்போர் ஒவ்வொரு பூமணிக்கும் மூன்று செய்திகளைப் பதிய வேண்டும்: பூ பதித்ததா வரைந்ததா, அடுக்குகளின் வரிசை, சுழற்றின் திசை. இதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கவாட்டில் வைத்த ஒரு விளக்கும் போதும்.