மெய்நிகர்

மெய் + நிகர். மெய்க்கு உண்மை என்றும் உடம்பு என்றும் பொருள். நிகர் என்றால் ஒப்பு. இதன் ஆங்கில இணையான 'விர்ச்சுவல்' பிறந்தது ஆற்றலைக் குறிக்கும் 'விர்த்தூஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. தமிழ் ஆற்றலை விட்டு ஒப்பைப் பிடித்துக்கொண்டது. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரிலும் இந்த விர்ச்சுவல்தான் இருந்தது. தமிழில் 'இணைய' ஆயிற்று. கணினிக்குள் அது பொருந்தாது. மெய்நிகர் இயந்திரம் ஓட இணையமே வேண்டாம்.

கோவில்பதாகையில் ஒரு வீட்டு விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் லினக்ஸை ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். லினக்ஸ் காண்பது மென்பொருள் காட்டும் ஒலியட்டையை. நம் காதில் விழுவதோ நிஜ ஸ்பீக்கரின் சத்தம். லினக்ஸ் காணும் வட்டும் வெறும் கோப்புதான். ஆகவே இயந்திரத்தை அணைத்துவிட்டு வேறு டிரைவுக்கு மாற்றலாம். கோப்புறையைக் கையால் இழுக்காமல் விர்ச்சுவல்பாக்ஸின் 'மூவ்' கட்டளையைக் கொடுத்தால் புதிய இடத்தை அதுவே குறித்துக்கொள்ளும். உள்ளிருக்கும் லினக்ஸுக்கு வீடு மாறியதே தெரியாது.

விர்ச்சுவலுக்கு 'மாய' என்ற அடைமொழியும் புழங்கியதுண்டு. பாட்டுப் பாடும் இயந்திரத்தை மாயம் என்பானேன்?